உப்புக்காற்று இல்லாத ஊரில் ஒரு ரப்பர் வைத்தியம்

1

என் வலைப்பூவுக்கு ஒன்பது வயது நிறைந்த சனிக்கிழமை காலையில் எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் எழுந்திருக்க மாட்டேன் என்று படுத்துவிட்டது. பட்டனை அமுக்கினால் உள்ளே விசிறி சுற்றுகிறது. பீப், பீப், பீப் என்று மூன்று சத்தம் வருகிறது. திரை மட்டும் கருப்பாகவே கிடக்கிறது. அணைத்துப் போட்டேன். ஒயரையெல்லாம் பிடுங்கி மறுபடி மாட்டினேன். ஊரில் பழைய டிவிக்குக் கொடுக்கிற மாதிரி பக்கவாட்டில் ஒரு தட்டும் தட்டினேன். அதே மூன்று பீப்.

தெரியாதவர்களுக்காக ஒரு வரி. நான் தூத்துக்குடிக்காரி. கனடாவில் கால்கரி என்ற ஊரில் பல் ஆஸ்பத்திரி ஒன்றின் முன்மேசையில் உட்கார்ந்து, வருகிறவர்களுக்கு நாள் குறித்துக் கொடுக்கிற வேலை. பகல் பூராவும் இங்கிலீஷில் சிரித்துச் சிரித்து வாய் வலித்துப்போய் வீட்டுக்கு வந்தால், இந்தப் பெட்டியின் முன்னால் உட்கார்ந்து தமிழில் தட்டுவேன். அப்போதுதான் எனக்கு மூச்சே வரும்.

ஒன்பதாம் வருடத்துக்கென்று ஒரு பதிவு எழுதி முடித்து வைத்திருந்தேன். அது பெட்டிக்குள் மாட்டிக்கொண்டது. அதோடு பாதியில் விட்ட பதிவுகள் முப்பதுக்கு மேல் இருக்கும். ஒன்றையாவது வேறு இடத்தில் பிரதி எடுத்து வைத்திருக்கிறேனா என்றால், இல்லை. "எழுதுவதையெல்லாம் இரண்டு இடத்தில் சேமியுங்கள்" என்று இதே வலைப்பூவில் உங்களுக்கு இரண்டு முறை அறிவுரை சொன்னவள் நான்தான். ஊருக்குத்தானே உபதேசம்.

2

"கடைக்குக் கொண்டு போயிரு" என்றார் வீட்டுக்காரர். சொல்லிவிட்டு வேலைக்குக் கிளம்பிவிட்டார்.

இந்த ஊரில் கடைக்குக் கொண்டு போவது என்றால் தூக்கிக்கொண்டு போய் மேசையில் வைப்பது இல்லை. முதலில் அவர்களுடைய இருபத்துநாலு மணிநேர எண்ணுக்குப் போன் பண்ணினேன். எட்டு நிமிடம் பாட்டுப் போட்டார்கள். பிறகு ஒரு பெண் வந்து, ரொம்ப அன்பாக, முன்பதிவு எல்லாம் இணையதளத்தில்தான், கம்ப்யூட்டரைத் திறந்து எங்கள் பக்கத்துக்குப் போங்கள் என்றாள். கம்ப்யூட்டர் திறக்கவில்லை என்பதற்காகத்தான், அம்மா, கூப்பிடுகிறேன் என்றேன். புரிகிறது, உங்கள் சிரமம் புரிகிறது என்றாள். இங்கே எல்லாருக்கும் எல்லாம் புரியும். வேலைதான் நடக்காது.

கடைசியில் போனிலேயே அந்தப் பக்கத்தைத் திறந்தேன். நான்கு பக்கப் படிவம். மூன்றாவது பக்கத்தில், பழுது பார்க்கும்போது உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துபோனால் எங்களைக் கேட்கக் கூடாது, சம்மதம் என்று ஒரு கட்டத்தில் டிக் அடிக்க வேண்டும். என் விரல் அந்தக் கட்டத்துக்கு மேலேயே நின்றது. முப்பது பதிவு போய்விடுமே. போனை மூடிவிட்டேன்.

உலகத்தில் எனக்குத் தெரிந்த இன்னொரு கம்ப்யூட்டர் ஆள் ஒருவன்தான். என் அண்ணன். அவன் என்னோடு சரியாகப் பேசி இரண்டு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது.

3

அண்ணன் பெயர் ஐசக். தூத்துக்குடியில் பழைய துறைமுகம் போகிற ரோட்டில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கிறான். இந்த வலைப்பூவே அவன் போட்ட பிள்ளையார் சுழி. நான் இங்கே வந்த புதிதில் தமிழில் எழுத ஆசைப்பட்டு எதையோ தட்டினால், எழுத்துக்குப் பதிலாகக் கட்டம் கட்டமாக வந்து விழுந்தது. அண்ணன்தான் போனில் உட்கார்ந்து, இதை அமுக்கு, அதை இறக்கு, இப்போ 'அம்மா'ன்னு அடி என்று சொல்லிக்கொடுத்து எழுத்தை வரவைத்தான். முதல் பதிவுக்கு முதல் பின்னூட்டமும் அவனுடையதுதான். "நல்லாருக்கு. ரெண்டு எடத்துல பிழை" என்று போட்டிருந்தான்.

பிறகு என் வாய்க்கொழுப்பு சும்மா இருக்கவில்லை. அவன் கடையை வைத்து ஒரு பதிவு எழுதினேன். எந்தக் கம்ப்யூட்டர் வந்தாலும் அண்ணன் முதலில் மோந்து பார்ப்பான், பிறகு ஊதுவான், பிறகு பென்சில் ரப்பரால் தேய்ப்பான், மூன்றும் முடிந்தால் நோயாளி எழுந்து உட்கார்ந்துவிடுவார் என்று எழுதியிருந்தேன். சத்தியமாக எழுதும்போது பாசத்தோடுதான் எழுதினேன். அது வாட்ஸ்அப்பில் தூத்துக்குடி முழுக்கச் சுற்றி, கடைக்கு வருகிறவனெல்லாம் "என்ன அண்ணாச்சி, மோந்து பாத்தாச்சா" என்று கேட்கிற அளவுக்குப் போய்விட்டதாகக் கேள்வி.

அதற்குப் பிறகு அவனிடமிருந்து போன் இல்லை. நான் கூப்பிட்டால் மதினி எடுப்பாள். "கடையில இருக்காவ" என்பாள். கிறிஸ்துமஸுக்கு மட்டும் போனை வாங்கி, "நல்லாருக்கியா, சரி" என்று வைத்துவிடுவான். பதிவை நீக்கினேன். நீக்கிவிட்டேன் என்று சொல்லியும் அனுப்பினேன். அதற்கும் பதில் இல்லை. என் கூடப் பிறந்தவன் அவன் ஒருத்தன்தான். அந்த இரண்டு வருடம் எனக்கு எப்படி இருந்தது என்று இங்கே நான் எழுதவே இல்லை. எழுதினால் அதுவும் சுற்றிவிடும் என்கிற பயம்.

ஆக, உண்மையைச் சொன்னால், கம்ப்யூட்டர் படுத்ததில் ஒரு மூலையில் எனக்குச் சந்தோஷம்தான். கூப்பிட ஒரு சாக்கு கிடைத்தது.

4

காலை ஏழரை மணிக்கு வீடியோவில் கூப்பிட்டேன். அங்கே இரவு எட்டு, கடை அடைக்கிற நேரம். அவனே எடுத்தான். முகத்தில் எள்ளும் கொள்ளும் போட்டால் பொரியும்.

"கம்ப்யூட்டர் ஓட மாட்டேங்கு அண்ணே" என்றேன், நல்லாருக்கியா என்றுகூடக் கேட்காமல்.

"என்ன சத்தம் வருது?" என்றான், வாடிக்கையாளரைக் கேட்கிற குரலில்.

"மூணு பீப்."

"ரேம். உப்பு புடிச்சிருக்கும். மூடியக் கழத்து."

அண்ணனின் வைத்திய சாஸ்திரத்தில் நோய் ஒன்றுதான். உப்பு. அவனைக் குறை சொல்ல முடியாது. அவன் கடைக்கு வருவதெல்லாம் உப்பளத்து ஆபீஸ் கம்ப்யூட்டர், மீன் கம்பெனிக் கம்ப்யூட்டர், துறைமுகத்தில் சரக்குக்குக் காகிதம் போடுகிறவர்களின் கம்ப்யூட்டர். ஒருமுறை வேம்பாரிலிருந்து ஒரு ஐஸ் கம்பெனிப் பெட்டி வந்தது. திறந்தால் உள்ளே பச்சை பூத்துக் கிடந்தது. எங்கள் வீட்டில் சைக்கிள் பூட்டுக்குக்கூடத் துணி சுற்றி வைப்போம். அந்தக் காற்றில் இருபது வருடம் வேலை பார்த்தவனுக்கு வேறு எந்த நோய் ஞாபகத்துக்கு வரும்?

அவன் சொல்லச் சொல்ல மூடியைக் கழற்றினேன். உள்ளே ரேம், அதாவது நினைவகம், என்பது இரண்டு பச்சைப் பட்டைகள். அடியில் தங்க நிறத்தில் வரிசையாகப் பற்கள். இரண்டு பக்கமும் உள்ள கொண்டியை விலக்கினால் டக்கென்று கழன்று வந்தது.

"பென்சில் ரப்பர எடு. அந்தத் தங்கக் கலர் இருக்குல்லா, அதுல நல்லாத் தேய்."

பென்சில் ரப்பருக்கு எங்கே போவேன்? என் மகள் அபிக்குப் பதினைந்து வயது. பள்ளிக்கூடத்தில் எல்லாமே திரையில்தான். வீடு முழுக்கத் தேடினேன். பென்சிலே இல்லாத வீட்டில் ரப்பர் இருக்குமா? கடைசியில் அவள் ஒன்றாம் வகுப்புப் படிக்கும்போது யாரோ பிறந்தநாள் விருந்தில் கொடுத்த பை ஒன்றில், கொம்பு வைத்த குதிரை ரப்பர் கிடைத்தது. ஊதா நிறம், ஸ்ட்ராபெரி வாசனை.

"இது போதுமா?" என்று காட்டினேன்.

அண்ணனின் உதடு லேசாக அசைந்தது. சிரிப்பை அடக்குகிறான் என்று எனக்குத் தெரிந்தது. "போதும் போதும். குதிரை மூஞ்சால தேய்."

தரை விரிப்பில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, குதிரை மூஞ்சி தேய்கிற வரைக்கும் தேய்த்தேன். வெளியில் பனி மைனஸ் இருபதில் கிடந்தது. கம்பளிச் சட்டையும் கம்பளிக் காலுறையும் போட்டுக்கொண்டுதான் இந்த வைத்தியமெல்லாம். இரண்டு பட்டைகளையும் மாட்டி, பட்டனை அமுக்கினேன்.

முன்பாவது மூன்று பீப். இப்போது நிறுத்தாமல் அலற ஆரம்பித்தது.

"ஏளா, நீ சரியாத் தேய்க்கல. இன்னொருக்கத் தேய்" என்றான். தேய்த்தேன். அலறல் நிற்கவில்லை. முப்பது பதிவும் போச்சு என்றே முடிவு கட்டிவிட்டேன்.

5

இந்தச் சத்தத்தில் அபி எழுந்து மாடியிலிருந்து வந்தாள். என்னைப் பார்த்தாள். கையில் உள்ள பட்டையைப் பார்த்தாள். கம்பளிச் சட்டையையும் விரிப்பையும் பார்த்தாள்.

"அம்மா, யூ டிட் தட் ஆன் த கார்பெட்?" என்றாள். என்னவோ நான் கோயில் பீடத்தில் மீன் வெட்டின மாதிரி ஒரு பார்வை.

பிறகுதான் விளக்கினாள், பாதி இங்கிலீஷும் கால்வாசித் தமிழுமாக. இந்த ஊரில் குளிர்காலத்தில் காற்றில் ஈரமே இருக்காது. விரிப்பில் நடந்தால், கம்பளியைக் கழற்றினால் உடம்பில் மின்சாரம் சேரும். மனுசருக்கு ஒரு சுள்ளென்ற அடியோடு போய்விடும். கம்ப்யூட்டர் உறுப்புகளைத் தொட்டால் அவை செத்தே போகும். தொடுவதற்கு முன்னால் இரும்பு எதையாவது தொட்டு அதை இறக்கிவிட வேண்டும். பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் வகுப்பின் முதல் நாளே சொல்லிக்கொடுத்தார்களாம்.

இந்த அடி எனக்குத் தெரியாததா என்ன. பதினோரு குளிர்காலமாகக் காரைத் தொட்டும் கதவைத் தொட்டும் வாங்கிக்கொண்டுதானே இருக்கிறேன். ஆனால் அண்ணன் ரேம் என்றதும் என் புத்தி தூத்துக்குடிக்குப் போய்விட்டது. அங்கன எல்லார் கையிலும் எப்போதும் வியர்வை. எவன் கையில் மின்சாரம் நிற்கும்?

"யாருளா அது, என்ன சொல்லுதா?" என்றான் அண்ணன் போனிலிருந்து.

"அபிதாம்ணே."

அவன் போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து பார்த்தான். கடைசியாகப் பார்த்தபோது அவள் என் தோளுக்குக் கீழே இருந்தாள். இப்போது என்னைவிட உயரம். "எம்மா, என்னா வளத்தி" என்றான் மெதுவாக.

"ஹாய் மாமா. நான் காட்டுறேன், பாருங்க" என்றாள் அபி. விரிப்பில் இரண்டு முறை காலைத் தேய்த்து நடந்து, கதவின் இரும்புப் பிடிக்குப் பக்கத்தில் விரலைக் கொண்டுபோனாள். டக் என்று சத்தத்தோடு நீலமாக ஒரு பொறி.

"ஏளா, கரண்டுக் கம்பியத் தொட்டுட்டாளா?" என்று அலறிவிட்டான் அண்ணன்.

"இல்ல மாமா. அது சும்மா நான்."

"சும்மா நீயா?"

இன்னொரு தடவை காட்டச் சொன்னான். காட்டினாள். அப்புறம் பக்கத்து டீக்கடைக்காரரைக் கூப்பிட்டான். "அண்ணாச்சி, இங்க வந்து பாருங்க, எம் மருமவ கையில கரண்டு வருது." அண்ணாச்சி தோளில் துண்டோடு வந்து போனுக்குள் எட்டிப் பார்த்தார். அபி மூன்றாவது முறையும் காட்டினாள். அண்ணாச்சி அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "பிள்ளைக்கு ஒடம்புக்கு ஒண்ணுஞ் செய்யாதே?" என்று கவலைப்பட்டார். அபி விழுந்து விழுந்து சிரித்தாள். தமிழில் நடக்கிற ஒரு பேச்சுக்கு அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்து எத்தனையோ காலம் ஆகிவிட்டது.

6

சிரிப்பு அடங்கியதும் அண்ணன் மறுபடி வைத்தியன் ஆனான். ஆனால் இந்தத் தடவை வாடிக்கையாளரிடம் பேசுகிற குரல் இல்லை.

"மருமவளே, நீ இரும்பத் தொட்டுட்டு வா. அம்மாவ எட்ட இருக்கச் சொல்லு. ஒயரப் புடுங்கு. பவர் பட்டன அஞ்சு நிமிசம்... இல்ல, அஞ்சு எண்ணுத வரைக்கும் அமுக்கிப் புடி. ரெண்டு ரேமையும் எடு. ஒண்ண மட்டும் மாட்டு."

மாட்டினாள். அலறல். "அது செத்துட்டு. அடுத்தது." அடுத்ததை மாட்டினாள். இரண்டு பக்கமும் கொண்டி விழுகிற வரைக்கும் அழுத்து என்றான். அழுத்தினாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். ஒரே ஒரு பீப். கண்ணைத் திறந்தால் திரையில் வெளிச்சம். என் முப்பது பதிவும் வரிசையாக உட்கார்ந்திருக்கின்றன. உடனே ஒரு பென்டிரைவ் குச்சியில் பிரதி எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன்.

"ஆமா, நேத்து இந்தப் பெட்டிய யாரும் நவுட்டுனீங்களா?" என்றான் அண்ணன்.

வீட்டுக்காரர் தூசி உறிஞ்சுகிற மெஷின் போடுவதற்காக முந்தின நாள்தான் பெட்டியைத் தூக்கி வைத்திருந்தார்.

"அப்ப அது லூசாத்தான் இருந்துருக்கு. சும்மா அழுத்தி விட்டுருந்தாலே எந்திச்சிருக்கும். நல்லா இருந்த ஒண்ணத் தேய்ச்சுக் கொன்னுட்டோம்." தலையைச் சொறிந்துகொண்டான். "கன்னியாகுமரி வரைக்கும் நம்ம வைத்தியம் செல்லும். அங்கன செல்லாது போல."

அபி குளிக்கப் போய்விட்டாள். அண்ணாச்சி டீ ஆற்றப் போய்விட்டார். நானும் அண்ணனும் மட்டும். இப்போது கேட்காவிட்டால் எப்போது கேட்பது என்று கேட்டுவிட்டேன்.

"அண்ணே, கடையப் பத்தி எழுதுனதுக்கு மன்னிச்சிரு."

"எதுக்கு?" என்றான்.

"மோந்து பாக்கன்னு எழுதுனேம்லா. அதுக்குத்தான நீ பேசாம இருக்க."

"ஏளா, அதப் படிச்சுட்டு நாலு பேரு கூடுதலாக் கடைக்கு வந்தான். அதுக்கா நான் பேசாம இருப்பேன்?" என்றான். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டான். "அதுக்கு அடுத்த வாரம் ஒண்ணு எழுதுன பாரு."

அடுத்த வாரம் எழுதியது என்ன என்று உங்களில் பழைய வாசகர்களுக்கு ஞாபகம் இருக்கும். நான் கனடாக் குடியுரிமை வாங்கிய கதை. உறுதிமொழியில் நாக்குப் பிசகியது, புகைப்படத்தில் காது சரியாகத் தெரியவில்லை என்று மூன்று முறை திருப்பி அனுப்பியது, கடைசியில் நம்ம இந்தியப் பாஸ்போர்ட்டில் ரத்து என்று முத்திரை குத்தி, மூலையை வெட்டித் திருப்பிக் கொடுத்தது. சிரிக்கச் சிரிக்க எழுதியிருந்தேன். ஊர் வீட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை சாவகாசமாகச் சொல்லலாம் என்று, வெள்ளிக்கிழமையே பதிவைப் போட்டுவிட்டேன்.

"கடையில ஒரு கிளார்க்கு நின்னான். 'என்ன அண்ணாச்சி, தங்கச்சி அந்த ஊர்க்காரியாவே ஆயிட்டாளாமே'ன்னான். எனக்கு ஒண்ணும் தெரியாது. 'ஆமா, போன வாரமே சொன்னா'ன்னு சொன்னேன். வீட்டுக்குப் போனா அப்பா கேக்காரு, அவருக்கு வேற யாரோ சொல்லிருக்கான். அவருகிட்டயும் தெரியும்னு சொன்னேன்."

கையில் இருந்த குதிரை ரப்பரைக் கீழே வைத்தேன்.

"அந்தப் பாஸ்போர்ட்டுக்குப் போலீஸ் வெரிபிகேசனுக்கு மூணு நாளு ஸ்டேசன்ல போயி நின்னவன் நான். உன் பழைய ஸ்கூல் சர்டிபிகேட்டத் தேடி நாசரேத்துக்கு பஸ்ஸுல போனவன் நான். நீ அங்கனயே இருந்துக்கோ, எனக்கு அதுல வருத்தமில்ல. அதோட மூலைய வெட்டிட்டாவன்னு ஊரோட சேந்து நானும் படிச்சுத் தெரிஞ்சுக்கிடணுமா?"

இரண்டு வருடமாக நான் தவறான பதிவுக்கு மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். எழுதுகிறவளுக்கு எதை எழுதினோம் என்பது மட்டும்தான் தெரிகிறது. யாருக்குச் சொல்லாமல் எழுதினோம் என்பது தெரிவதில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. அழுதேன். "தப்புத்தாண்ணே" என்றேன்.

"சரி, விடு. மூக்கத் தொடச்சுக்கோ. கடைய அடைக்கணும்" என்றான்.

7

ஒன்பதாம் வருடத்துக்கென்று எழுதி வைத்திருந்த பதிவைத் திறந்து பார்த்தேன். சவசவ என்று இருந்தது. தூக்கிப் போட்டுவிட்டு இதை எழுதினேன். பாதி நினைவகத்தோடு கம்ப்யூட்டர் நொண்டுகிறது. நான் ஒரு வார்த்தை அடித்தால் அது கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் திரையில் போடுகிறது. எனக்கு அது நல்லதுதான்.

அடுத்த சனிக்கிழமை அண்ணனைக் கூப்பிட்டு, பதிவைப் போடுவதற்கு முன்னால் முழுசாக வாசித்துக் காட்டினேன். குதிரை ரப்பர் இடத்தில் சிரித்தான். அண்ணாச்சி இடத்தில் இன்னும் சத்தமாகச் சிரித்தான். பாஸ்போர்ட் இடம் வந்தபோது அங்கே ஒரு சத்தமும் இல்லை. லைன் போய்விட்டதோ என்று நினைத்தேன். "இருக்கேன், வாசி" என்றான்.

வாசித்து முடித்தேன்.

"இதப் போடவா, வேண்டாமா? வேண்டாம்னா இப்பவே அழிச்சிருதேன்" என்றேன். நிஜமாகவே அழித்திருப்பேன்.

"போடு" என்றான். "ஒரு எடத்துல பிழை இருக்கு. அஞ்சு நிமிசம்னு நான் சொல்லவே இல்ல."

"சொன்ன."

"சரி, சொன்னேன். போடு." கொஞ்சம் பொறுத்து, "வேற ஒண்ணும் இல்லியே?" என்றான்.

இருந்தது. எங்கள் வீட்டு விஷயம் ஒன்று. இரண்டு வாரமாக எனக்கும் வீட்டுக்காரருக்கும் மட்டும் தெரிந்தது. வலைப்பூவுக்கு நல்ல சரக்கு வேறு.

"ஒண்ணு இருக்குண்ணே" என்றேன். கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்து, ஆதியோடந்தமாகச் சொன்னேன். அவன் கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து கேட்டான்.

அது என்ன என்று உங்களுக்கு நான் சொல்லப்போவதில்லை.